நாங்க வந்தப்போ

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர்கள் யாராக இருந்தாலும் அவன் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வான். "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்." சொன்னால் சொன்னதுதான். தட்டில் பாதிச் சாப்பாடு இருக்கும்போதே கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு அவன்தான் லிஃப்ட் மெக்கானிக். முன்பின் தெரியாதவர்களெல்லாம் இருட்டுப் பெட்டிக்குள் அவன் குரலைக் கேட்டு மூச்சு விட்டிருக்கிறார்கள். சொந்த வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கு மட்டும் அவன் வேறொரு வாக்கியம் வைத்திருந்தான். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பாப் போறோம்."

எங்கே? கடற்கரைக்கு. மணலில் உட்கார்ந்து காற்று வாங்குகிற கடற்கரை இல்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் ஒற்றை வண்டி போகிற ரோடு. கடை கிடையாது, ஆள் கிடையாது, போனில் சிக்னல் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால், அந்த ரோட்டின் கடைசியில் நிற்கிற கலங்கரை விளக்கத்தில் சாமான் ஏற்றுகிற சின்ன லிஃப்ட் ஒன்றை மாட்ட அவனை அனுப்பினார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தான். ஆள் அங்கிருந்து திரும்பினானே தவிர மனசு திரும்பவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் கடற்கரை. தண்ணீர் டம்ளர் கலங்கரை விளக்கம். கரண்டி ரோடு. உப்பு டப்பா வாசப்பாறை, அதாவது கடலுக்குள் நிற்கிற பெரிய பாறை. நடுவில் வாசல் மாதிரி ஓட்டை விழுந்து, சாயங்கால வெயில் அந்த வாசல் வழியாக நேராக நம் முகத்தில் வந்து அடிக்கும். ஊறுகாய் பாட்டில் தும்மல் பாறை. அந்தப் பேர் அவன் வைத்தது. அலை பாறைக்கு அடியில் புகுந்து, மேலே இருக்கிற துவாரம் வழியாகச் சீறிக்கொண்டு கிளம்பும். "கடலுக்கு ஜலதோஷம்" என்பான். பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவனுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதைதான். உப்பு கேட்டால், "வாசப்பாறையைத் தள்ளும்மா" என்று சொல்கிற அளவுக்கு வீடு கெட்டுப்போயிருந்தது.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். அந்த இடங்களைத் தன் பிள்ளைகள் முதல் தடவை பார்க்கும்போது அவர்கள் முகத்தை அவன் பார்க்க வேண்டும். கடலை அவன் பார்த்தாயிற்று. முகம்தான் பாக்கி.

ஆசை இருந்தால் போதுமா? ஒவ்வொரு லீவுக்கும் ஒரு லிஃப்ட் கெட்டுப்போகும். போன வருஷம் பையெல்லாம் கட்டி வாசலில் வைத்தாயிற்று. ஆஸ்பத்திரி லிஃப்ட்டுக்குக் கம்பி வடம் மாற்ற வேண்டும் என்று மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். நோயாளிகளை மாடிப்படியில் தூக்கிப் போகவா சொல்ல முடியும்? போனான். பெரியவன் ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். மனைவி சண்டை போடவில்லை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். கசப்பைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துப் பழகியவள். "சரி, நான் பிள்ளைங்கள அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன். இங்க இருந்து என்ன பண்ண?" என்றாள். அவனும் சரி என்றான். மறுநாளே அவன் தம்பிக்குக் காய்ச்சல் வேறு வந்துவிட்டது. தம்பிக்கும் அதே கம்பெனியில் அதே வேலை. தம்பி ஏரியாவையும் சேர்த்து அவனே பார்த்தான். நடுவில் ஆரஞ்சுப் பழமும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனான், பூட்டியிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் டாக்டரிடம் போயிருப்பார்கள் என்று நினைத்து, பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தான்.

இந்த வருஷம்தான் காலம் கனிந்தது. தம்பியே மேனேஜரிடம் போய் நின்று, "அண்ணன் ஏரியாவையும் நான் பாத்துக்கறேன் சார், அவரை விடுங்க" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டு இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று ஒர்க்‌ஷாப் முழுக்கச் சொல்லிச் சொல்லி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

வண்டி அவனே தயார் செய்தது. கம்பெனி கழித்துப் போட்ட பழைய சர்வீஸ் வேன். உள்ளே கழற்றிப் போட்ட லிஃப்ட்டுகளின் பலகையால் படுக்கை, லிஃப்ட்டுக் கண்ணாடி ஒன்று, பிடித்துக்கொள்ள லிஃப்ட்டின் எவர்சில்வர் கம்பி. ஏற்றத்தில் வண்டி முனகும்போதெல்லாம் சின்னவள், வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள், அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எத்தனாவது மாடிப்பா?" என்று கேட்பாள். "மொட்டை மாடிக்குப் போறோம்டி" என்பான் அவன். ஸ்டியரிங்கைத் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினான். மனைவி அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பாவம் பார்க்கிற மாதிரி இருந்தது. அதைக் களைப்பு என்று அவன் எடுத்துக்கொண்டான்.

முதல் நாள் தும்மல் பாறை. வண்டியைத் தள்ளி நிறுத்தினான். "எல்லாரும் கண்ணை மூடுங்க. நான் சொல்றவரைக்கும் தொறக்கக் கூடாது." மூன்று பேரும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வைத்து, ரயில் மாதிரி பாறை மேல் நடத்திக் கூட்டிப் போனான். அலை உள்ளே போகிற சத்தத்துக்குக் காத்திருந்து, சரியான சமயத்தில், "இப்பத் தொறங்க" என்றான். தண்ணீர் தென்னை உயரத்துக்குக் கிளம்பியது. பெரியவன் வாயைப் பிளந்தான். மனைவி இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வாலு, "அடேங்கப்பா, கடலுக்கு ஜலதோஷம்" என்று குதித்தாள்.

அவன் பாறையைப் பார்க்கவே இல்லை. மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறந்ததற்கு இது போதும் என்று தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் செய்தான், வெட்கமில்லாமல். மனைவி சட்டென்று குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

சாயங்காலம் கூடாரம் போட வேண்டியிருந்தது. வாங்கி வருஷக்கணக்காகப் பரண்மேல் கிடந்த கூடாரம். கூடவே வந்த படம் போட்ட தாளை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே பெரியவன் கம்பியை மடக்கி, துணியை நுழைத்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விரலை நக்கித் தூக்கிப் பார்த்து, ஆப்பையும் அடித்து முடித்துவிட்டான்.

"பாத்தியா? மெக்கானிக் ரத்தம். சொல்லிக் குடுக்கவே வேணாம்" என்றான் மனைவியிடம்.

"ஆமாமா" என்றாள் அவள்.

ஊரில் வெயில் கொளுத்தும்போது அவள் கம்பளிச் சட்டை எடுத்து வைத்திருந்தாள். காற்றுக்கு அணையாமலிருக்க அடுப்பைச் சுற்றி வைக்கத் தகரம் எடுத்து வந்திருந்தாள். எல்லாம் நாம் சாப்பாட்டு மேஜையில் சொன்னதன் பலன் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். அவன் புத்தி எங்கேயும் போகவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளிடம் புத்தியைத் தீட்டிக்கொண்டு உட்காருகிறவன் மனுஷனா என்ன?

மறுநாள் காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். ரோடு கடல் மட்டத்துக்கு இறங்கியது. ஒரு சின்னக் குடாவில் இரண்டு தடம் பிரிந்தது. வலது பக்கம் சமதளமாக, பச்சையாக, கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இடது பக்கம் வெறும் கல். அவன் காலத்தில் இந்தப் பிரிவே கிடையாது. வண்டியை வலது பக்கம் ஒடித்தான்.

"அப்பா, அந்தப் பக்கம் வேணாம்" என்றாள் வாலு பின்னாலிருந்து. "அங்க வண்டி மாட்டிக்கும்."

"உனக்கு எப்படிடி தெரியும், பெரிய டிரைவரு?"

"நாங்க வந்தப்போ மாட்டிக்கிச்சே. சித்தப்பாதானே பலகை வச்சு எடுத்தாங்க."

பெரியவன் தங்கச்சியின் காலை மிதித்த சத்தம் கேட்டது.

நம் பேச்சில் நாம் என்று ஒரு சொல் இருக்கிறது, நாங்கள் என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்கிறவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் நாம். கேட்கிறவனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினால் நாங்கள். நாம வந்தப்போ என்று சொல்லியிருந்தால் குழந்தை ஏதோ கனவு கண்டு உளறுகிறது என்று விட்டிருப்பான். வாலுவுக்கு ஷூ கயிறு கட்டத் தெரியாது. இன்னும் 'ழ' வராது, பழத்தைப் பயம் என்பாள். ஆனால் யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்பதில் அவள் தப்புப் பண்ண மாட்டாள். எந்தப் பிள்ளையும் பண்ணாது. நாங்க என்றால் அம்மா, அண்ணன், சித்தப்பா, சித்தி, அவள். அவன் அதில் இல்லை.

கோளாறான லிஃப்ட் என்றால் அவன் முதலில் மெயினை அணைப்பான், அப்புறம்தான் கதவைத் திறப்பான். இப்போதும் அப்படித்தான் செய்தான். என்ஜினை அணைத்தான். ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். கதவைத் திறந்து இறங்கிக் கல்லின்மேல் நின்றான். மனைவியும் இறங்கி வந்தாள். பிள்ளைகள் வண்டிக்குள் இருந்தார்கள். ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது.

"எப்போ?" என்றான்.

"போன வருஷம்."

"அக்கா வீட்டுக்குப் போறேன்னியே."

"அக்கா வீட்டுக்குப் போகல."

"அவனுக்குக் காய்ச்சல்னானே."

இதற்கு அவள் சொல்லத்தான் என்ன இருக்கிறது? இவன் தம்பியின் டியூட்டியையும் சேர்த்துப் பார்த்து, ராப்பகலாக ஊரெல்லாம் ஏறி இறங்கிய நாட்களில், காய்ச்சல்காரன் இவன் பெண்டாட்டி பிள்ளைகளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, இவன் கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு, இவன் கரண்டியையும் டம்ளரையும் வைத்துச் சொன்ன வழியிலேயே வந்திருக்கிறான். மேப் கூடத் தேவைப்பட்டிருக்காது. அத்தனை தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருந்தானே, பாவி மனுஷன்.

"எத்தனை தடவை பையைக் கட்டி அவுத்திருப்போம், சொல்லுங்க" என்றாள் அவள். "பெரியவன் என்ன சொன்னான் தெரியுமா? அந்த எடமே கெடையாதும்மா, அப்பா சும்மா சொல்றாரு, அப்படின்னான். உங்களைப் பொய்யர்னு புள்ள சொல்றதைக் கேட்டுட்டு இருக்க முடியல எனக்கு. எடம் இருக்குடா, வா காட்டறேன்னு கூட்டிட்டு வந்தேன். தம்பியை நான்தான் கேட்டேன். அவரு மேல கோவப்படாதீங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது. நியாயமில்லாத காரியம் என்றால் நாலு வார்த்தை கத்தித் தீர்த்துக்கொள்ளலாம்.

"வந்ததைக் கூட விடு" என்றான். "நேத்து அந்தப் பாறைகிட்ட கண்ணை மூடிட்டு நின்னீங்களே. மூணு பேரும். கையைக் கன்னத்துல வச்சுக்கிட்டு நின்னியே நீ."

"உங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேணாம்னுதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டாந்தடவை பாக்கறவங்களா கூட்டிட்டு வந்திருப்பேன். நீங்க எனக்குக் காட்டியிருக்கலாம். அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும். இப்படி நம்ப வச்சுக் கழுத்தறுக்கணுமா?"

அவன் குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறந்ததற்கு இது போதும் என்று நேற்று சொன்னோமே, அதைக் கேட்டு இவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தான். வீட்டில் எத்தனை நாள் ஒத்திகை பார்த்திருப்பார்கள்? நான் ஏதாவதொரு லிஃப்ட்டுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தபோதா? அப்பா வந்தால் கடலுக்கு ஜலதோஷம் என்று சொல்லணும் என்று அந்தச் சின்னதுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? அவமானம் காது வரை சுட்டது.

"வாசப்பாறைக்குப் போகல" என்றாள் மனைவி, அவன் முதுகைப் பார்த்து. "அதை மட்டும் பாக்கல. அது அப்பா காட்டணும்னு நாங்களே விட்டு வச்சோம். கலங்கரை விளக்கம் வரைக்கும் போகாமத்தான் திரும்பினோம்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை நேராக வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நெஜமா?"

"நெஜமாங்க. நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்."

இன்னொரு நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்குச் சிரித்திருப்பான். ஆனால் முங்கிப்போகிறவனுக்குத் துரும்பு கிடைத்தால் அது நல்ல துரும்பா என்று பார்த்துக்கொண்டா இருப்பான்? இருக்கிறதில் பெரியது வாசப்பாறைதான். மற்றதெல்லாம் போனாலும் அது மிச்சம் இருக்கிறது. அதை அவன் காட்டலாம். வண்டியில் ஏறினான். இடது பக்கத் தடத்தில், கல்லின்மேல், மெதுவாக ஓட்டினான்.

பெரியவன் பின்னாலிருந்து முன் சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டினான். மீசை அரும்புகிற வயது. "அப்பா, நான்தான் அம்மாவை நச்சரிச்சேன்."

"தெரியும்."

"நீங்க சந்தோஷமா இருக்கணும்னுதான்பா அப்படிப் பண்ணோம்."

"நல்லாப் பண்ணீங்கடா" என்றான். "எனக்குச் சந்தேகமே வரல." பையன் தலையை இழுத்துக்கொண்டான்.

ரோடு மறுபடி மேலே ஏறியது. வாலு கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எத்தனாவது மாடி என்று கேட்கவில்லை. அவளுக்கு அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். மலை உச்சியில் போனுக்கு உயிர் வந்து அடித்தது. தம்பிதான். வண்டியை நிறுத்தி, இறங்கித் தள்ளிப்போய் எடுத்தான்.

"அண்ணே, தொந்தரவுக்கு மன்னிச்சுக்க. மார்க்கெட் கட்டடத்துல மேல் மாடியில லிஃப்ட்டுக் கதவு மூட மாட்டேங்குது. மூடப் போயிட்டுத் திரும்பத் தொறந்துக்குது. சென்சாரை மாத்திட்டேன், அப்பவும் அப்படித்தான்."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லண்ணே."

"சென்சார் இல்ல. கீழ கதவு ஓடுற தடத்தைப் பாரு. ஏதாவது கெடக்கும். விரலை விடாத, ஸ்க்ரூ டிரைவரால நோண்டு."

காற்று போனுக்குள் இரைந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆமாண்ணே, ஹேர் கிளிப்" என்று தம்பி சிரித்தான். "நீ கடவுள்ணே. அங்க எப்படி இருக்கு? பிள்ளைங்க குதிக்கிறாங்களா?"

வேலையை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் கேட்டான். "போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே. எத்தனை டிகிரிடா இருந்துச்சு?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"அண்ணி சொல்லிட்டாங்களா?"

"வாலு சொன்னா."

"அண்ணே, நான் வேணாம்னுதான் சொன்னேன். பெரியவன் அழுதான்ணே. அவன் அழுது நான் பாத்ததே இல்ல. எனக்கு மனசு கேக்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே அனுப்பி வச்சிருப்பேனேடா. உன் வண்டிக்கு நானே காத்து அடிச்சுக் குடுத்திருப்பேன்."

"தப்புதாண்ணே."

"உன் வீட்டுக் கதவுல ஆரஞ்சுப் பழம் மாட்டிட்டுப் போனேன். அதைச் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டோம்ணே" என்றான் தம்பி. அவனுக்கு அழுகை வந்துவிட்டது போலிருந்தது. அண்ணனுக்கு வரவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது அன்றைக்குப் பொய்யாயிற்று.

இன்னும் ஒரு கேள்வி வாய்வரை வந்து நின்றது. வாசப்பாறைக்குப் போனீங்களாடா? தம்பிக்கு இப்போது பொய் சொல்லத் தெம்பு இல்லை. கேட்டால் உண்மை வரும். அதனாலேயே கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் அது அவனுடையது. "அந்தச் சென்சார் பழசையே மாட்டிடு, புதுசை வீணாக்காத" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

கலங்கரை விளக்கம் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவன் மாட்டிய லிஃப்ட்டின் தகரக் கூண்டு துருப்பிடித்து இன்னும் அங்கேயே இருந்தது. சாதாரண நாளாக இருந்தால் ஓடிப்போய்த் தட்டிப் பார்த்திருப்பான். இப்போது அதைத் தாண்டி நடந்தான். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் கல் சுவர் ஒன்று உண்டு. பாதாளத்தில் யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் வாசப்பாறை. சுவர் வரைக்கும் வந்தால் ஒழியத் தெரியாது.

அவனுக்குக் கண்ணை மூடச் சொல்ல வாய் வரவில்லை. மனைவிதான், "மூடுங்க பிள்ளைங்களா, அப்பா கூட்டிட்டுப் போவாரு" என்றாள். அவளும் மூடிக்கொண்டாள். அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் கை சில்லிட்டிருந்தது. வா, நம்புவோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். நேற்று போனது போகட்டும், இது புதுசு, ஆண்டவன் கணக்கில் ஒன்றாவது மிச்சம் வைத்திருக்க மாட்டானா? சுவர் அருகே நிறுத்தினான். அலை சத்தம் கீழே வெகு ஆழத்தில் கேட்டது. பாறையின் வாசலுக்குள் சூரியன் இறங்கி, வெளிச்சம் நேராகச் சுவர்மேல் விழுகிற வரைக்கும் பொறுத்தான்.

"தொறங்க."

பெரியவன் வாயைத் திறந்தான். மனைவி கையைக் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். பாதியில் நினைவு வந்தவளாக இறக்கிச் சுவர்மேல் வைத்துக்கொண்டாள். மஞ்சள் வெயில் அவர்கள் முகமெல்லாம் பூசியிருந்தது. இது முதல் தடவை பார்க்கிற முகமா, இரண்டாம் தடவையா? உற்று உற்றுப் பார்த்தான். அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெற்ற பிள்ளை, கட்டிய பெண்டாட்டி, இத்தனை வருஷம் பார்த்த முகங்கள். லிஃப்ட்டுச் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்கிறவனுக்கு இது தெரியவில்லை.

"நல்லாருக்குப்பா" என்றான் பெரியவன். "நீங்க சொன்னதைவிட நல்லாருக்கு."

சரி என்று நினைத்தான். நம்பிவிடலாம். நம்புகிறதில் என்ன நஷ்டம்? நெஞ்சு கொஞ்சம் இளகி, மூச்சு ஒழுங்காக வர ஆரம்பித்தது.

அப்போது கீழே யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வாலு. சுவர் அவள் தலைக்கு மேலே இருந்தது. அவளுக்குக் கல்லைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் தூக்கிக் காட்டுங்கப்பா" என்றாள்.

சுவர்மேல் இருந்த மனைவியின் கை அசையாமல் நின்றுவிட்டது. பெரியவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் குனிந்து வாலுவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். சுவர்மேல் உட்கார வைத்து, விழாமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு ஒரே குஷி. காலால் சுவரை உதைத்தாள். "அப்பா, அங்க பாருங்க, வாசலுக்குள்ள சூரியன். பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா" என்றான். அவன் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.